மார்கரெட் வீட்டுப் போர்த்தண்ணீர்

1

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பீர்க்கன்கரணைக்கு போன் போடுவது எங்கள் வழக்கம். அம்மா எடுத்தவுடன் சௌக்கியமா என்று கேட்கமாட்டாள். "தண்ணி வருதா?" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆஸ்திரேலியாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, இங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் வரும் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் கேட்பாள். தாம்பரம் பக்கத்தில் ஒரு வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அது சௌக்கியமா என்று கேட்பதன் இன்னொரு வடிவம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பதில் சொல்வதற்குள் என் மகள் கெசியா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. "பாட்டி, மார்கரெட் வீட்டுல தண்ணி எரியுது" என்றாள்.

அம்மா முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவள். தப்பைத் திருத்தாமல் அவளால் இருக்க முடியாது. "தண்ணி சுடுதுன்னு சொல்லணும் கண்ணு. நெருப்புதான் எரியும்" என்று அவள் சொல்வது எனக்கும் கேட்டது. கெசியா விடவில்லை. ஃபயர், தண்ணியில ஃபயர் என்று இரண்டு மொழியிலும் கத்தினாள். கடைசியில் அம்மா என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்குத் தமிழ் போய்க்கொண்டிருக்கிறது, எரிவதற்கும் சுடுவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வருத்தப்பட்டாள்.

கெசியாவின் தமிழ் தேய்ந்துகொண்டு வருவது உண்மைதான். 'நேத்து' என்பதையும் 'நாளைக்கு' என்பதையும் மாற்றிப் போட்டுப் பேசுகிறாள். பசிக்கிறது என்பதை, நான் பசியாக இருக்கிறேன் என்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது சரியான வார்த்தை. அதை போனில் விளக்க முடியாமல், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

2

நாங்கள் இருந்த ஊர் பிரிஸ்பேனிலிருந்து மேற்கே காரில் நாலு மணி நேரம். நான் நர்ஸ். கிராமப்புறத்தில் இரண்டு வருஷமாவது வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எனக்கு விசா கிடைத்தது. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தேவாலயம், மீதியெல்லாம் மேய்ச்சல் நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மஞ்சள் புல். வானம் மட்டும் ஏராளம்.

ஊரில் வாடகை வீடு அமையவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி, ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை வைத்திருந்த மார்கரெட்டின் நிலத்தில் ஒரு மர வீடு கிடைத்தது. மார்கரெட்டுக்கு அறுபது தாண்டியிருக்கும். கணவர் இறந்தபின் தனியாகவே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் அவளை 'மேடம்' என்றேன். பிறகு 'ஆன்ட்டி' என்றேன். உனக்கு நான் எந்த வழியில் அத்தை என்று சிரித்தாள். அம்மா வயதுள்ளவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு பழக ஒரு வருஷம் ஆனது.

அங்கெல்லாம் குடிக்க மழைத்தண்ணீர்தான். தகரக் கூரையில் விழும் மழையைப் பெரிய தொட்டியில் பிடித்து வைப்பார்கள். நாங்கள் போன சமயம் பல வருஷ வறட்சி. தொட்டியின் அடியில் தவளைக்குக்கூட ஈரமில்லை. முதல் வாரம் மார்கரெட் வந்து என் கணவர் டேனியலிடம் ஏதோ சொன்னாள். அவளுடைய மூக்குப் பேச்சில் எங்களுக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது: போர். நாம் தாம்பரத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குச் சொல்கிற அதே போர். போர் மக்கர் பண்ணுகிறது என்கிறாள் என்று தெரிந்ததும் டேனியலின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து அவருக்கு முழுதாக விளங்கிய முதல் ஆங்கிலம் அதுதான் என்று பிறகு கேலி செய்வேன்.

டேனியல் குரோம்பேட்டைக்காரர், மெக்கானிக்கல் எஞ்சினியர். குரோம்பேட்டையில் வளர்ந்தவருக்கு மோட்டார் இறக்கி ஏற்றுவதைச் சொல்லித்தரவா வேண்டும்? மார்கரெட்டும் அவருமாக டிராக்டரை வைத்துக் குழாயை இழுத்து மோட்டாரை மாற்றினார்கள். தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கயிறு விட்டுப் பார்த்து, புது மோட்டாரை அதற்குக் கீழே நிறுத்தினார். அன்றிலிருந்து அவளுக்கும் எங்களுக்கும் மாடுகளுக்கும் அந்த ஒரே போர். நல்ல தண்ணீர்தான். கொஞ்சம் உப்பு கரிக்கும், பருப்பு சட்டென்று வேகாது. அவ்வளவே.

3

பருப்பு வேகும் தண்ணீர் எங்கள் பீர்க்கன்கரணை வீட்டுக் கிணற்றில் இருந்தது.

ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது தெரு. பின்பக்கம் உறைகிணறு. அப்பா காலமானபிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பில் அம்மா அந்தத் தண்ணீரில் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு, "இதுக்காகவே இந்த வீட்டை விட்டு எங்கயும் போகமாட்டேன்" என்பாள். ஐப்பசி மழைக்குப்பின் கைநீட்டி மொள்ளலாம். சித்திரையில் கயிறு நீளும், ஆனால் வற்றாது. வாளி தண்ணீரில் விழும்போது ஒரு சத்தம் வரும். மழைக்காலத்தில் ஒரு விதம், கோடையில் வேறு விதம். அதை வைத்தே எந்த மாதம் என்று சொல்லிவிடலாம்.

இரண்டாயிரத்து மூன்று, நாலு வறட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஏரி கிரிக்கெட் மைதானமாகிவிட்டது. தாம்பரம் முழுக்கக் கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. அப்போதுதான் எங்கள் தெருவில் ஒரு காலி மனையை ஒருவர் வாடகைக்கு எடுத்து ஆழமாக போர் போட்டார். மறுவாரமே டேங்கர் லாரிகள் வர ஆரம்பித்தன. காலை விடிந்ததிலிருந்து லாரி லாரியாக உறிஞ்சி, புதிதாக முளைத்த அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் கிணற்றில் ஒருபோதும் பார்த்திராத கீழ் உறைகள் தெரிந்தன. பிறகு தண்ணீர் காவி நிறமாக வந்தது. பிறகு வாளியில் சேறு. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா வீட்டிலும் அதே கதி. அவர்கள் குடும்பத்துக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கடை. வியாபாரத்துக்கு நடுவில் அவருடைய கணவர் இந்த ஆபீஸுக்கும் அந்த ஆபீஸுக்கும் அலைந்தார். அங்கே கேளுங்கள், இங்கே கேளுங்கள் என்று எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு, கையில் சிவப்புப் பேனா. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. என் அம்மா பஸ்ஸில் சில்லறை கேட்கக்கூடக் குரல் உயர்த்தாதவள். கொஞ்ச நேரத்தில் லாரி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"இன்னா டீச்சர், நடு ரோட்ல குந்திகினு கீறீங்க? வண்டி போவணும்."

"பேப்பர் திருத்தறேன்பா. முடிச்சதும் எழுந்துக்கறேன்."

"எப்போ முடியும்?"

"இன்னும் ரெண்டு கிளாஸ் பேப்பர் உள்ள இருக்கு."

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு, பேஜாரா போச்சு என்று முனகியபடி லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டான். மும்தாஜ் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தன் நாற்காலியுடன் வந்து அம்மா பக்கத்தில் போட்டார். பின்னால் இன்னும் சில பெண்கள். பத்து மணிக்கெல்லாம் ஜிஎஸ்டி ரோட்டுத் திருப்பம் வரைக்கும் லாரிகள் நின்றன.

போர் போட்டவர் மோட்டார் பைக்கில் வந்தார். கத்தவில்லை. மனை என் பேரில் வாடகைக்கு இருக்கிறது, என் இடத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீரை நான் எடுக்கிறேன், உங்கள் கிணற்றில் வந்து கை வைத்தேனா என்று நியாயம் கேட்டார். அம்மா பேனாவை மூடினாள்.

"மேல காம்பவுண்ட் கட்டியிருக்கீங்க, பார்த்தேன். கீழ எங்க கட்டியிருக்கீங்க, அதையும் காட்டிடுங்க. நான் எழுந்து போயிடறேன்."

அவர் பைக்கைத் திருப்பினார். அன்றைக்கு லாரிகள் திரும்பிப் போயின. திங்கட்கிழமை அம்மா பள்ளிக்கூடம் போனதும் மறுபடியும் வந்தன. கோடை நடுவில் அவருடைய போரே காற்றைக் கக்க, குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஊரப்பாக்கம் பக்கம் போய்விட்டார். அம்மா ஜெயித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வருஷம் அடித்த மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. ஒரு காலையில் பின்பக்கம் போன அம்மா என்னைக் கூப்பிட்டாள். கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இரண்டு வாரம் இறைத்துக் கொட்டினோம். மூன்றாம் வாரம் பருப்பு வெந்தது.

4

டேனியலுக்கு முதல் வருஷம் வேலை கிடைக்கவில்லை. விண்ணப்பங்களுக்கு வரும் பதில்களில் உள்ளூர் அனுபவம் இல்லை என்ற வரி தவறாமல் இருக்கும். கெசியாவைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, மார்கரெட்டின் வேலிக் கம்பிகளைச் சரிசெய்துகொண்டு இருந்தார். வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார். ஊரிலிருந்து யாராவது போன் செய்து என்ன வேலை என்று கேட்டால் மட்டும் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

அப்போதுதான் எரிவாயு வந்தது. பூமிக்கடியில் நிலக்கரிப் படிவங்களில் வாயு இருப்பது முன்பே தெரிந்ததுதான். அதை எடுத்துக் கப்பலில் ஏற்றி விற்க நிறுவனங்கள் வந்து குவிந்தன. மாடு மேய்ந்த இடத்திலெல்லாம் இரவும் பகலும் துளையிட்டார்கள். மார்கரெட்டின் நிலத்திலும் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமையில்லை. இந்த நாட்டில் மண்ணுக்குமேல் இருப்பதுதான் சொந்தக்காரருக்கு. கீழே இருக்கும் வாயு அரசாங்கத்துக்கு.

டேனியலுக்கு ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்தது. வாயுக் கிணறுகளில் ஓடும் பம்புகளைப் பராமரிக்கும் வேலை. ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வாசலில் நின்ற மனிதர் எனக்குக் கல்யாணத்தன்று பார்த்தவரைப் போலிருந்தார். அன்று மாலை பிரியாணி செய்தேன். மார்கரெட்டும் வந்து சாப்பிட்டு, கண்ணில் நீர் வர இருமிக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

அந்த வாயுவை எடுப்பதற்கு முதலில் நிலக்கரியில் இருக்கும் தண்ணீரை எடுக்கவேண்டும். தண்ணீரின் அழுத்தம்தான் வாயுவை அமுக்கி வைத்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால் வாயு விடுபடும், சோடா பாட்டிலைத் திறக்கிற மாதிரி என்று டேனியல் எனக்கு விளக்கினார். இறைத்த உப்புத் தண்ணீரைப் பெரிய குளங்களில் தேக்கினார்கள். வறண்ட நாட்டில் யாரும் குடிக்க முடியாத ஏரிகள். சாயங்கால வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கணம் பீர்க்கன்கரணைக் கரையில் நிற்பதுபோல இருக்கும். கிட்டே போனால் ஒரு கொக்குகூட இருக்காது.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் கெசியாவைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தேன். பால்போல வெள்ளையாகத் தண்ணீர் வந்தது. கொஞ்சம் பொறுத்தால் குமிழிகள் மேலே போய்த் தெளிந்தது. மறுநாள் குழாய் இருமியது. நாலைந்து நாளில் காற்றும் தண்ணீருமாக மாறி மாறி வந்தது. மார்கரெட் எங்களைத் தன் மாட்டுத்தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போர்க் குழாயின் வாய் அங்கே திறந்திருந்தது. அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரைத் தூரமாக நீட்டித் தட்டினாள். குழாய் வாயிலிருந்து நீல நிறத்தில் ஒரு சுடர் எழுந்து, தண்ணீரின்மேல் ஆடி, அடுத்த வீச்சில் அணைந்தது. கெசியா கைதட்டினாள். எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்போல இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அன்று காலை அவளுக்குக் கஞ்சி வைத்திருந்தேன்.

5

டேனியல் குழாயின் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்க வேலையாலதானா இது?"

"அப்படின்னு என்னால சொல்ல முடியாது ஷீலா. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். பிறகு அதைப்பற்றி எங்களுக்குள் பேச்சில்லை. அவர் ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவேன். அதே குமிழித் தண்ணீரில்தான் அதையும் துவைத்தேன்.

மார்கரெட் ஒவ்வொரு அலுவலகமாகப் போன் போட்டாள். தண்ணீருக்கான துறை, இது வாயு விஷயம் என்றது. வாயுத் துறை, குடிநீர் என்றால் சுகாதாரம் என்றது. சுகாதாரம், தனியார் போர் எங்கள் பொறுப்பல்ல என்றது. போனில் காத்திருக்கும்போது வாசிக்கும் பியானோவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள். மும்தாஜ் அக்காவின் கணவர் அலைந்த அலைச்சல்தான். இங்கே வெயிலில் நடக்கவேண்டாம், அவ்வளவே வித்தியாசம். கடைசியில் ஒரு அதிகாரி வந்து பாட்டில்களில் தண்ணீர் பிடித்துப் போனார். தண்ணீரில் எரிவாயு இருப்பது உண்மை, அது எங்கிருந்து வந்தது என்று தீர்மானிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. குடிக்கலாமா என்று கேட்டதற்கு, போர் இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் புகைபிடிக்கவேண்டாம் என்றார்கள். நான் நர்ஸ். கேட்டதற்குப் பதில் வராதபோது எனக்குத் தெரியும்.

தவறு எங்களுடையது அல்ல, ஆனாலும் நல்லெண்ணத்தின்பேரில் என்று சொல்லி நிறுவனம் தண்ணீர் அனுப்பியது. ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் டேங்கர் லாரி வந்து நின்றது. பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் புழுதியில் விழுந்து மண்வாசனை எழுந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணி லாரி வாசனை. அந்தக் காலியிடத்தில், அந்தக் குளிரில், மும்தாஜ் அக்காவின் குரல் எங்கேயாவது கேட்காதா என்று இருந்தது. வெயிலில் தெருவெல்லாம் குடத்தோடு நின்று, சண்டை போட்டு, சிரித்து, ஒருவர் குடத்தை ஒருவர் தூக்கிவிட்ட நாட்கள். அப்போது அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அழுதிருக்கிறோம். இங்கே கஷ்டத்தைக் கேட்க, மார்கரெட்டை விட்டால் அடுத்த வீடு மூன்று மைல் தள்ளி.

6

ஊர் மண்டபத்தில் நிறுவனம் ஒரு கூட்டம் போட்டது. டேனியலை அன்று அவருடைய ஒப்பந்தக்காரரே வரச் சொல்லியிருந்தார், ஆட்களோடு ஆட்களாக உட்காரத்தான். ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம் ஒரு பக்கம், பண்ணைக்காரர்கள் மறுபக்கம். நான் கெசியாவை மடியில் வைத்துக்கொண்டு மார்கரெட்டின் பக்கத்தில் இருந்தேன். எங்கள் குடும்பம் நடைபாதையின் இரண்டு பக்கமும்.

படம் போட்டு விளக்கியவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இந்தப் பகுதிப் போர்களில் இயற்கையாகவே எரிவாயு உண்டு என்றார். மார்கரெட் எழுந்து, என் போரில் இதற்குமுன் இருந்ததில்லை என்றாள். நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள், யாரும் அளந்து வைத்திருக்கவில்லையே என்று அவர் மென்மையாகச் சொன்னார். மார்கரெட் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கணவர் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

எதிர்ப்பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டேனியல் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறித்தான் பேசினார். அந்தப் போரில் நான் மோட்டார் இறக்கியிருக்கிறேன், அன்றைக்கு அதில் வாயு இல்லை, தண்ணீர் இன்றைக்கு இருப்பதைவிட மிகவும் மேலே இருந்தது, அன்றைக்கும் போன வாரமும் நானே கயிறு விட்டுப் பார்த்தேன் என்றார். இப்போது இருக்கிறது, அப்போது இல்லை என்பதை நம் ஊர் ஆங்கிலத்தில் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மறுபடியும் முதலிலிருந்து, நிதானமாக, அதையே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

விளக்கியவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். டேனியல் உட்காரப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, நடைபாதையைக் கடந்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மார்கரெட் அவரைப் பார்க்கவில்லை. அவர் முழங்கையை மட்டும் ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டாள்.

காரில் வரும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். "வேலை போயிடும், இல்ல?"

"போகும்."

"போகட்டும்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததாகவும் புதுப்பிக்கும் தேவை இல்லையென்றும் சொல்லிவிட்டார்கள். கோபமாக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

7

எனக்கு நிபந்தனைக் காலம் முடிந்திருந்தது. பிரிஸ்பேனில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து இங்கே வந்துவிட்டோம். டேனியல் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். கெசியா புதுப் பள்ளியில் தமிழை இன்னும் வேகமாக மறந்துகொண்டிருக்கிறாள். மார்கரெட் வரமாட்டேன், விற்கமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். மாடுகளைப் பாதிக்குமேல் கொடுத்துவிட்டாள். தண்ணீர் லாரி வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரம் முன்பு, சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை. பின்னால் பெரிய இரைச்சல். ரிசீவரை வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரமானது. தகரக் கூரையில் மழை. விடாமல் மூன்று நாளாகப் பெய்கிறது, தொட்டி நிரம்பி வழிகிறது, ஓடை நிறையத் தண்ணீர் என்று சின்னப் பெண்ணைப்போலச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏரி நிரம்பிய அந்த வருஷம் பின்பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்ட அம்மாவின் குரல் அப்படித்தான் இருந்தது.

பிறகு மார்கரெட் டேனியலைக் கேட்டாள். ஸ்பீக்கரைப் போட்டோம். "டேனியல், இவ்வளவு மழை பெய்திருக்கிறதே. இனி போர் சரியாகிவிடுமா?"

தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் ஆகிவிடும் என்றுதான் சொல்லுவார்கள். ஒரு நல்ல மழை போதும், ஊறிவிடும் என்பார்கள். அவரும் அப்படிச் சொல்லட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

டேனியல் போனுக்குப் பக்கமாகக் குனிந்தார். அந்த ஆழத்தில் இருந்த தண்ணீர் இந்த மழையில் வந்ததல்ல மார்கரெட், அது எந்தக் காலத்திலோ பெய்த மழை என்றார். திரும்ப ஊறுவதற்குள் நாம் யாரும் இருக்கமாட்டோம், கெசியாவின் பேரப்பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள் என்றார். அந்தத் தண்ணீரை மறந்துவிட்டுக் கூரைத் தண்ணீரைப் பத்திரமாகப் பிடித்துவைக்கச் சொன்னார்.

"சரி" என்றாள் மார்கரெட். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றாள்.

அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அவளும் வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. கூரையில் சத்தம் குறைந்து, தூறலாகி, ஓயும்வரைக்கும் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.